முப்பது டிகிரிப் பணிவு

வணக்க மேம்பாட்டுக் குழு என்று ஒன்று அந்த மருத்துவமனையில் முளைத்ததற்குக் காரணம், ஒரு நோயாளி எழுதிப் போட்ட புகார். அவசரப் பிரிவில் படுக்கை கிடைக்காமல் எட்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷன், "என்னை ஒருத்தரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தார். நிர்வாகம் கூடியது. நாலு நாள் விவாதித்தது. படுக்கை போட இடமில்லை என்று தெரிந்தது. ஏறிட்டுப் பார்க்க இடம் தேவையில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே இனிமேல் எல்லாரையும் ஏறிட்டுப் பார்ப்பது, பார்த்த கையோடு குனிவது என்று தீர்மானம் போட்டார்கள்.

இதெல்லாம் பியோ கில்மானுக்குத் தெரியாது. அவர் வாசலில் நின்றவர்.

கில்மானுக்கு அறுபத்தாறு வயசு. தென்கொரியாவின் ஜின்ஜு நகரத்தில் முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருத்துவமனை வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் காவலர் வேலை. வாசலைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் சிகிச்சைக் கட்டடம். வலது பக்கம் சரிவில் இறங்கினால் கீழ்த்தளத்தில் சாவு மண்டபம். மேலே முடியாமல் போனவர்களுக்குக் கீழே மூன்று நாள் மரியாதை. ஊர் முழுக்க அப்படித்தான், இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பாதை பிரியும் அந்த இடத்தில் நின்றுகொண்டு, யார் எந்தப் பக்கம் என்று கைகாட்டுவதுதான் கில்மானின் உத்தியோகம். ஒப்பந்தம் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படும்.

அந்த வேலையை அவர் விரும்பிக் கேட்டு வாங்கியதற்கு ஒரே காரணம், கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டை. அவர் மனைவி மால்சூன் வாதத்தில் விழுந்து ஏழாவது மாடியில் கிடந்தாள். வெளியாட்களுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் அனுமதி. ஊழியர் அட்டை இருந்தால் எந்நேரமும் மேலே போகலாம். மதியம் பன்னிரண்டரைக்குக் கில்மான் போவார். அரை மணி நேரம் கஞ்சி ஊட்டுவார். கூலிக்கு வைத்த பராமரிப்பு அம்மா கரண்டியை நீட்டினால் மால்சூன் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். கில்மான் நீட்டினால் மட்டும் திறப்பாள், அதுவும் திட்டுவதற்காகத் திறக்கும்போது கஞ்சியும் உள்ளே போய்விடும்.

அட்டை போனால் மதியச் சாப்பாடு போகும். இவ்வளவுதான் கணக்கு.

செப்டம்பரில் சியோலிலிருந்து பயிற்சியாளர் அம்மா ஒருத்தர் வந்து இறங்கினார். விமானத்தில் பன்னிரண்டு வருஷம் குனிந்து பழகியவராம். கதவு உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை கொண்டுவந்திருந்தார். அதில் கோணங்கள் கோடு போட்டிருந்தன. ஆளைப் பக்கவாட்டில் நிறுத்தி, பலகையைப் பக்கத்தில் வைத்து, முதுகு எந்தக் கோட்டில் படிகிறது என்று பார்ப்பார்.

"பதினஞ்சு டிகிரி, நடையில எதிர்ப்படுறவங்களுக்கு. முப்பது, வாடிக்கையாளருக்கு. நாற்பத்தஞ்சு, நன்றி சொல்ல, இல்ல மன்னிப்புக் கேக்க," என்றார். "ஒரு வினாடி இறங்கணும். ஒரு வினாடி நிக்கணும். ரெண்டு வினாடி ஏறணும். ஏறும்போது அவசரப்பட்டா இதயத்துல மரியாதை இல்லன்னு அர்த்தம்."

இதய மருத்துவர்கள் நாலு பேர் இதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

குனிந்து நிமிர்ந்ததும் சொல்ல வேண்டிய வாசகம் அட்டையில் அச்சடித்து எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது. "சௌக்கியமாக இருக்கிறீர்களா! இன்று தங்களுக்கு ஆரோக்கியமான நாளாக அமையட்டும்! மீண்டும் வருக!" மூன்று ஆச்சரியக்குறியும் குரலில் தெரிய வேண்டும்.

கில்மான் கையைத் தூக்கினார். "அம்மா, கீழ்த்தளத்துக்குப் போறவங்களுக்கு என்ன சொல்றது?"

"கீழ்த்தளத்துல என்ன இருக்கு?"

"சாவு மண்டபம்மா."

பயிற்சியாளர் அம்மா திரும்பிக் குழுத் தலைவரைப் பார்த்தார். குழுத் தலைவர் பேர் பாங் இன்ஹோ. முப்பத்தெட்டு வயசு, பளபளவென்று தலை சீவியிருப்பார், யார் எதிரே வந்தாலும் முதலில் அவர் முதுகுதான் தெரியும். அப்படியொரு பழக்கம்.

"நல்ல கேள்வி," என்றார் பாங். "நம்ம பார்வையில அவங்களும் வாடிக்கையாளர்தான் பெரியவரே. சொல்லப்போனா, நம்மகிட்ட எல்லாச் சேவையையும் முழுசா வாங்கினவங்க அவங்கதான்."

"அவங்ககிட்ட போய் சௌக்கியமான்னா..."

"கேளுங்க."

"மீண்டும் வருகன்னு?"

"வருவாங்கல்ல," என்றார் பாங். "குடும்பம்னா நாலு பேர் இருப்பாங்க."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இங்கே இன்னொரு சங்கதி. குனியும்போது கையைக் கோத்து வயிற்றின் மேல் வைக்க வேண்டும். ஆம்பிளைக்கு நல்ல நாளில் இடது கை மேலே, துக்க வீட்டில் வலது கை மேலே. மாற்றி வைத்தால் எதிராளியின் வீட்டில் பிணம் விழுந்ததாக அர்த்தம். இதைச் சின்ன வயசில் அப்பா ஒருமுறை கையில் தட்டிச் சொல்லிக் கொடுப்பார், சாகும்வரை மறக்காது. ஆனால் குழுவின் சுவரொட்டியில் ஒரே படம்தான். இடது கை மேலே, பல் தெரியச் சிரிப்பு. சாவு மண்டபத்துக் கதவிலும் அதே சுவரொட்டியைத்தான் ஒட்டினார்கள்.

அக்டோபர் முழுக்கக் கில்மான் தன் புத்திக்கு எட்டியபடி சமாளித்தார். இடது பக்கம் போகிற வண்டிக்கு வாசகம். வலது பக்கம் இறங்குகிற வண்டிக்குக் கையை மாற்றிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, தலையை மட்டும் தாழ்த்தினார். மாசக் கடைசியில் மதிப்பெண் வந்தது. நூற்றுக்கு அறுபத்தொன்று. 'குரல் இல்லை. கை தவறு. முகத்தில் மலர்ச்சி போதாது.'

நவம்பரில் அவர் தலையெழுத்து, கறுப்புக் கார் ஒன்று வந்தது. உள்ளே கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கண்ணெல்லாம் சிவந்துபோன இளைஞன். வாயைத் திறந்து வழி கேட்கக்கூட முடியாமல் உதடு துடித்தது. ஐயோ பாவம் என்று கில்மானுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. வலது கையை மேலே வைத்து, ஆழமாகக் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் சரிவைக் காட்டினார். இளைஞன் நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். அங்கே மூன்றாம் எண் கூடத்தில் யாரோ ஒரு கிழவரின் படத்துக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. அவன் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தது பிரசவ வார்டுக்கு. 'என் மகன் பிறந்து நாற்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. காவலாளி அவனுக்குத் துக்கம் அனுசரித்துவிட்டார்' என்று மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

ஐம்பத்தெட்டு மதிப்பெண்.

பாங் கூப்பிட்டு அனுப்பினார். கில்மான் உள்ளே நுழைந்ததும் எழுந்து சுத்தமாக முப்பது டிகிரி குனிந்தார். "சௌக்கியமாக இருக்கிறீர்களா!" என்றார். பிறகு உட்கார்ந்தார்.

"பெரியவரே, நீங்க நல்லவர். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நல்லவரா இருக்குறதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் கிடையாது."

"ஐயா, துக்கத்துக்குப் போறவங்களை..."

"துக்கம்ங்கறது அவங்க சொந்த விஷயம். வரவேற்பு நம்ம விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க." அவர் குரல் இதமாகத்தான் இருந்தது. "ரெண்டு மாசம் தவறிட்டீங்க. டிசம்பர்ல எண்பது வரலேன்னா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எனக்கு அதிகாரம் இல்ல. அட்டையைத் திருப்பிக் குடுத்துட வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு எழுந்து நாற்பத்தைந்து டிகிரி குனிந்தார். இது மன்னிப்புக்கானது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கில்மான் வெளியே வந்தார்.

அன்றைக்கு மதியம் கஞ்சி ஊட்டும்போது விஷயத்தைச் சொன்னார். மால்சூனுக்கு வலது பக்கம் முழுக்க மரத்துப்போயிருந்தது. முகத்தில் இடது பாதி மட்டும் சிரிக்கும், அதில் இருந்த நக்கல் இரண்டு பாதிக்கும் போதும்.

"எங்க, செஞ்சு காட்டுங்க போரா அப்பா. நான் மார்க் போடறேன்."

போரா அவர்களின் ஒரே மகள். இஞ்சியோனில் கப்பல் துறைமுகத்தில் வேலை.

கில்மான் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு முன்னால் நின்று குனிந்தார்.

"பின்பக்கம் தூக்குது."

"இப்போ?"

"இப்போ பஸ்ஸுக்கு அடியில டயர் பாக்குற மாதிரி இருக்கு." கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டீங்களே, அதுக்கு இது எவ்வளவோ தேவலை. அன்னிக்கு அந்த மனுஷன், 'மாப்பிள்ளைக்கு இடுப்புல ஏதாவது கோளாறா'ன்னு எங்கம்மாகிட்ட கேட்டார்."

"வாயைத் தொற."

"எனக்கு முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு டிகிரி குனிஞ்சிருப்பீங்களா? இப்ப எவன் எவன் காருக்கோ குனியறீங்க."

"உனக்காகத்தாண்டி குனியறேன்."

மால்சூன் ஒரு வாய் வாங்கி விழுங்கினாள். பிறகு, "அந்தத் துக்கக்காரங்ககிட்டயும் சொல்லிடுவீங்களா, சௌக்கியமான்னு?" என்று கேட்டாள்.

கில்மான் கரண்டியை நீட்டினார். அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

குழு ஏழாவது மாடிக்கும் வந்தது. ஒரு பெண் கையில் பலகையோடு கட்டில் கட்டிலாகப் போய் ஐந்து நட்சத்திரக் கேள்வி கேட்டாள். "எங்கள் செவிலியர் தங்களுக்கு வணக்கம் சொன்னாரா அம்மா?"

"சொன்னாம்மா. ரொம்ப அழகா குனிஞ்சா. நிமிந்தா. போயிட்டா. வலிக்கு மாத்திரை கேட்டிருந்தேன், அது வரல."

"அப்போ வணக்கத்தைப் பொறுத்தவரை?"

"அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது."

பெண் 'மிகுந்த திருப்தி' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, முப்பது டிகிரி குனிந்து, அடுத்த கட்டிலுக்குப் போனாள். செவிலியர்கள் வேண்டுமென்று மாத்திரையை மறக்கவில்லை. ஒரு வார்டில் நாற்பது பேர். நுழையும்போது நாலு வினாடி, கிளம்பும்போது நாலு வினாடி. மருந்து கொடுக்கும் நேரத்தில் எதையாவது குறைத்தாக வேண்டியிருந்தது.

வாசலிலும் இதே கூத்துதான். வண்டிக்கு நாலு வினாடி என்று போட்டால், காலை ஒன்பது மணிக்கு வரிசை ஆற்றுப் பாலம்வரை நீளும். ஒருநாள் அந்த வரிசையில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. மூன்றாவது வண்டியாக முன்னேறி வந்தபோது ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தள்ளிக் கத்தினான்.

"அண்ணே! குனிஞ்சது போதும்ணே, தடுப்பைத் தூக்குங்க! உள்ள ஆள் போயிக்கிட்டிருக்கான்!"

கில்மான் தடுப்பைத் தூக்கிவிட்டார். குனியவில்லை. இது கேமராவில் பதிவாகி, குழுவில் இரண்டு மணி நேரம் அலசப்பட்டது. ஆம்புலன்ஸுக்குத் தனிப் பாதை என்று ஒரு மருத்துவர் சொல்லிப் பார்த்தார். அது கட்டுமானத் துறையின் அதிகாரம் என்று பதில் வந்தது. வணக்கக் குழுவின் அதிகாரத்துக்குள் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள். ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகக் கஷ்டத்தில் இருப்பதால் அவர்களுக்கு மட்டும் நாற்பத்தைந்து டிகிரி என்று சுற்றறிக்கை வந்தது. ஏறவும் இறங்கவும் ஆறு வினாடி.

டிசம்பர் முதல் தேதியிலிருந்து கில்மான் சண்டையை விட்டுவிட்டார். சாவு மண்டபத்து வண்டிக்கும் வாசகத்தைச் சொன்னார். முதல் நாள், துக்க உடை போட்ட ஒரு பெண் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையில் வெள்ளைத் துணிக் கொண்டையூசி. மடியில் துணி சுற்றிய படச் சட்டம். "சௌக்கியமாக இருக்கிறீர்களா! இன்று தங்களுக்கு ஆரோக்கியமான நாளாக அமையட்டும்! மீண்டும் வருக!" என்றார் கில்மான், மூன்று ஆச்சரியக்குறியோடு. அந்தப் பெண் திட்டவில்லை, புகாரும் எழுதவில்லை. அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலை ஏற்றிக்கொண்டாள்.

அன்றைக்கு அவருக்குக் கூசியது. இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. பத்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. இடுப்பு மரத்த மாதிரியே உள்ளேயும் எதுவோ மரத்துவிட்டது. யார் வந்தார்கள், கறுப்பா வெள்ளையா, அழுதார்களா என்று எதுவும் கண்ணில் படவில்லை. வண்டி, இறக்கம், நிறுத்தம், ஏற்றம், வாசகம், அடுத்த வண்டி. கூட வேலை பார்த்த தூபோங், "அண்ணே, இப்பத்தான் உங்களுக்குச் சுவரொட்டி முகம் வந்திருக்கு," என்றான். பாராட்டாகத்தான் சொன்னான்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி இறுதி மதிப்பீடு. மதியம் பன்னிரண்டு பத்துக்குப் பாங் வந்தார். கூட இரண்டு பேர். ஒருத்தர் கையில் கண்ணாடிப் பலகை, இன்னொருத்தர் கையில் வினாடிக் கடிகாரம். பன்னிரண்டு வண்டி பார்ப்போம் என்றார் பாங். கைபேசியைத் தொடுவது, திரும்பிப் பார்ப்பது, இடத்தைவிட்டு நகர்வது மூன்றும் உடனடித் தோல்வி என்று விதியைப் படித்துக் காட்டினார்.

முதல் வண்டி போயிற்று. இரண்டாவது வண்டி வருவதற்குள், சட்டையின் உள்பையில் கைபேசி அதிர்ந்தது.

மால்சூனாக இருக்கும் என்று நினைத்தார். காலையில் பார்த்தபோது, "மதியம் கஞ்சி வேணாம், சில்லுனு முள்ளங்கித் தண்ணி வேணும்போல இருக்கு, எங்கேயாவது கெடைச்சா வாங்கிட்டு வாங்க," என்றிருந்தாள். கடைக்காரியிடம் சொல்லி ஒரு டப்பாவில் வாங்கி, காவல் கூண்டில் ஜன்னலோரம் குளிரில் வைத்திருந்தார். அதை நினைவுபடுத்தத்தான் பராமரிப்பு அம்மாவை விட்டுக் கூப்பிடச் சொல்கிறாள், சரியான அவசரக்காரி.

குனிந்தார். அதிர்வு நின்றது. நாலாவது வண்டியின்போது மறுபடி அதிர்ந்தது. குனிந்திருக்கும்போது கைபேசி விலாவில் அழுத்தி, எலும்பில் அதிர்ந்தது. பாங் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கில்மான் சிரித்தார். "சௌக்கியமாக இருக்கிறீர்களா!" ஏழாவது வண்டி ஆம்புலன்ஸ், அதற்கு ஆறு வினாடி. ஒன்பதாவது வண்டிக்குக் குனிந்தபோது மூன்றாம் தடவை அதிர்ந்து, வெகு நேரம் அதிர்ந்து, நின்றது. இன்னும் மூன்று வண்டிதான் என்று எண்ணிக்கொண்டார். இந்த மூன்று முடிந்தால் இன்னும் மூன்று மாசம் கஞ்சி ஊட்டலாம்.

"அருமை!" என்றார் பாங். "தொண்ணூத்தி நாலு! பெரியவரே, இந்த மாசம் மொத்த மருத்துவமனைக்கும் இதுதான் அதிகம்."

மூன்று பேரும் வரிசையாக நின்று அவருக்குக் குனிந்தார்கள். கில்மான் பதிலுக்குக் குனிந்தார். பிறகுதான் கைபேசியை எடுத்துப் பார்த்தார். மூன்று அழைப்பும் ஏழாவது மாடிச் செவிலியர் மேசையிலிருந்து வந்தவை.

டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார். மின்தூக்கி வாசலில் ஒருத்தர் அவருக்குக் குனிந்து வாசகம் சொன்னார். ஏழாவது மாடியில் கதவு திறந்ததும் தலைமைச் செவிலியர் எதிரே நின்றார். நாற்பத்தைந்து டிகிரி குனிந்தார். நன்றிக்கு அல்லது மன்னிப்புக்கு. கில்மான் யாருக்கும் நன்றி சொல்லும்படியாக ஒன்றும் செய்திருக்கவில்லை. அந்த முதுகைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கூப்பிட்டோங்கய்யா," என்றார் செவிலியர் நிமிராமலே. "மூணு தடவை. உங்களைத்தான் கேட்டாங்க."

பன்னிரண்டு பதினேழுக்கு மால்சூன் போயிருந்தாள். கில்மான் கணக்குப் பார்த்தார். அது ஆம்புலன்ஸா, அதற்கு அடுத்த வண்டியா என்று அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

அவளைக் கீழே ஐந்தாம் எண் கூடத்தில் வைத்தார்கள். போரா இஞ்சியோனிலிருந்து சாயங்காலத்துக்குள் வந்துவிட்டாள். கடையில் வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டு கில்மானுக்குத் தோளில் தொங்கியது. கையில் துக்கப் பட்டை கட்டிவிட்டார்கள். மூன்று நாள், சாமந்திப் பூவுக்கு நடுவில் படத்தில் மால்சூன் முழு முகத்தோடு சிரித்தாள். வாதம் வருவதற்கு முன்னால் எடுத்த படம். வந்தவர்கள் படத்துக்குக் கும்பிட்டு, அவரையும் கும்பிட்டு, காரமான மாட்டிறைச்சிக் குழம்பும் சோறும் சாப்பிட்டுப் போனார்கள். கில்மான் குனிந்தார், நிமிர்ந்தார். அழுகை வரவில்லை. போரா மட்டும் மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

"அப்பா, கொஞ்சம் உக்காருங்கப்பா. இடுப்பு போயிடும்."

"அது எப்பவோ போயிடுச்சும்மா. நீ போய் ரெண்டு வாய் சாப்பிடு."

இரண்டாம் நாள் பாங் வந்தார். கறுப்பு உடை, கறுப்பு டை, முகத்தில் உண்மையாகவே வருத்தம். ஊதுபத்தி ஏற்றிப் படத்துக்குக் கும்பிட்டார். துக்க வீட்டில் வாயே திறக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும். ஆனால் அண்ணாந்து பார்த்தார். கூடத்தின் மேல்மூலையில் கேமரா இருந்தது. அது வேலை நேரம், இடம் மருத்துவமனை வளாகம். கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் படத்தைப் பார்த்து, தணிந்த குரலில், "சௌக்கியமாக இருக்கிறீர்களா. இன்று தங்களுக்கு ஆரோக்கியமான நாளாக அமையட்டும்," என்றார். மீண்டும் வருக என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். அந்த அளவுக்கு அவரும் மனுஷர்தான்.

போரா எழுந்து வந்துவிட்டாள். "யாருப்பா இந்த ஆளு? பைத்தியமா?"

"நம்ம குழுத் தலைவர்ம்மா," என்றார் கில்மான்.

சாம்பலை ஆற்றைத் தாண்டிய மலைச்சரிவில் வைத்துவிட்டு வந்த நாலாம் நாள், கடிதம் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மூன்று மாசத்துக்கு இல்லை, முழுசாக ஒரு வருஷத்துக்கு. அதோடு இந்த ஆண்டின் 'பணிவு மன்னர்' பட்டமும் அவருக்கே. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முன்கூடத்தில் விழா. சீருடையில் வரவும்.

"போகாதீங்கப்பா," என்றாள் போரா. "எங்கூட இஞ்சியோன் வந்துடுங்க."

"போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். சொல்லாம நின்னுட்டா நல்லாருக்காது."

முன்கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. ஊழியர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். வேலை நேரம் என்பதால் நோயாளிகளும் இருந்தார்கள். மருந்துக் குழாய் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போனவர்கள் வழி அடைபட்டு அங்கேயே நின்றார்கள். கில்மான் தோளில் 'பணிவு மன்னர்' என்று தங்க எழுத்துப் பட்டை போட்டுவிட்டார் பாங். மருத்துவமனை இயக்குநர் யோம் பூங்கொத்தைக் கையில் பிடித்தபடி ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார்.

"சௌக்கியமாக இருக்கிறீர்களா!" என்றார். கூட்டம் குனிந்தது.

"நண்பர்களே, பணிவு என்றால் என்ன என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். நான் இனிமேல் ஒரே பதில்தான் சொல்வேன். வாசலுக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். டிசம்பர் பதினெட்டாம் தேதி, இதோ இந்தப் பெரியவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதே நேரத்தில் ஏழாவது மாடியில் அவருடைய துணைவியார் தம் இறுதி மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். கைபேசி ஒருமுறை அல்ல, மூன்று முறை அழைத்தது. அவர் அசைந்தாரா? இல்லை! முகம் சுளித்தாரா? இல்லை! பதினோரு வாகனங்களுக்கு, பதினோரு..." பாங் காதில் ஏதோ சொன்னார். "மன்னிக்கவும், பன்னிரண்டு வாகனங்களுக்குக் குறைவின்றிக் குனிந்தார்!"

கைதட்டல்.

"அதோடு நின்றாரா? விடுப்பில் இருந்த மூன்று நாளும் நமது வளாகத்தின் கீழ்த்தளத்திலேயே, தாமாக முன்வந்து, இருநூற்றெழுபத்து மூன்று பேருக்குக் குனிந்திருக்கிறார். கேமராவில் எண்ணிப் பார்த்தோம். விடுப்பு நாளில்! இதற்காக நாம் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். சிலர் கேட்கிறார்கள், படுக்கை எங்கே, செவிலியர் எங்கே என்று. நான் அவர்களைக் கேட்கிறேன். ஒருவர் சாகும்போது படுக்கையா கூட வருகிறது? மரியாதைதான் வருகிறது!"

மறுபடி கைதட்டல். கில்மானுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. கைபேசி அழைத்தது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது மட்டும் அந்த மரத்துப்போன இடத்தைத் தாண்டி மெதுவாக உள்ளே இறங்கியது.

"இப்போது நமது பணிவு மன்னர், நம் எல்லாருக்கும் பாடமாக ஒரு வணக்கம் செய்து காட்டுவார்," என்றார் இயக்குநர். "கோணம் உங்கள் விருப்பம், பெரியவரே!"

கூட்டம் சிரித்தது. பாங் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இயக்குநர் வணக்கத்தை வாங்கிக்கொள்ள வசதியாகப் பூங்கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

கில்மான் தொப்பியைக் கழற்றி வைத்தார். கையைக் கோத்தார். பிறகு முழங்காலை மடித்து, தரையில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, நெற்றி கையில் படும்படி முழுசாகக் கும்பிட்டார். பெரிய நாளில் பெரியவர்களுக்குச் செய்கிற கும்பிடு. "ஆகா!" என்று யாரோ சொன்னார்கள். பலத்த கைதட்டல். இயக்குநர் முகம் மலர்ந்துபோயிற்று.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு கில்மான் எழுந்தார். எதிரே அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்தார். மால்சூன் இவரைத்தான் கேட்டாள் என்று செவிலியர் சொன்னது நினைவுக்கு வந்தது. கேட்டபோது இவர் யாருக்கோ சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாளில் முதல்முறையாக அவருக்கு ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மறுபடி முழங்காலை மடித்தார். மறுபடி கையை ஊன்றினார். இரண்டாவது முறையாக முழுசாகக் கும்பிட்டார்.

கைதட்டல் பாதியில் நின்றது.

உயிரோடு இருப்பவருக்கு ஒரு கும்பிடு. செத்தவருக்கு இரண்டு. பால்குடி மறந்த பிள்ளைக்கும் அந்த ஊரில் இது தெரியும். இயக்குநருக்கும் தெரியும். நெஞ்சில் பூங்கொத்தோடு அவர் அப்படியே நின்றார். அசைந்தால் என்ன ஆகும், அசையாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கில்மான் எழுந்தார். முறை இன்னும் பாக்கி இருந்தது. செத்தவரைக் கும்பிட்டு முடித்ததும், பக்கத்தில் நிற்கிற துக்கக்காரரை ஒருமுறை கும்பிட வேண்டும். பக்கத்தில் பாங் நின்றார். கில்மான் அவர் பக்கம் திரும்பி, தரையில் இறங்கி, ஒரு கும்பிடு போட்டார்.

பாங் என்ன செய்வார் பாவம். யார் குனிந்தாலும் பதிலுக்குக் குனிந்து பழகிய உடம்பு, மூளையைக் கேட்கவே இல்லை. விழுந்து பதில் கும்பிடு போட்டுவிட்டார். நெற்றி தரையில் பட்ட பிறகுதான், யாருடைய சாவுக்குத் தான் துக்கம் வாங்கிக்கொண்டோம் என்று அவருக்கு உறைத்தது. எழுந்திருக்கவே இல்லை.

கூட்டத்தில் மருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவர், கம்பளித் தொப்பியைக் கழற்றித் தலையைத் தாழ்த்தினார். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தரும் தாழ்த்தினார். அப்புறம் நோயாளிகள் வரிசையாக, ஒவ்வொருத்தராக. ஊழியர்கள் வரிசையில் ஏழாவது மாடித் தலைமைச் செவிலியர் முதலில் கையை மாற்றிக்கொண்டார்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. துக்க இடத்தில் பேசக் கூடாது.

கில்மான் தோள்பட்டையைக் கழற்றினார். கழுத்து அட்டையையும் கழற்றினார். இரண்டையும் மடித்துப் பாங்கின் முதுகுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

வாசலில் பாதை பிரியும் இடத்தில் ஒரு கார் நின்றிருந்தது. காவலர்கள் எல்லாரும் விழாவுக்குப் போய்விட்டதால் கைகாட்ட ஆள் இல்லை. உள்ளே இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, எந்தப் பக்கம்னு தெரியல..." என்றாள்.

கில்மான் குனியவில்லை. ஜன்னல் பக்கத்தில் போய் நின்று, "யாரும்மா உங்களுக்கு?" என்று கேட்டார்.